பிரிட்ஜ் கதவில் நான்கு சொற்கள்

ஜெயலெட்சுமியின் இடதுகை அப்புத்துரையின் கன்னத்தோலை மேலே இழுத்துப் பிடித்திருந்தது. வலதுகையில் சவரக்கத்தி. எண்பத்தாறு வயதுக் கன்னம், பல் போன இடத்தில் குழி விழுந்தது. இழுத்துப் பிடிக்காமல் மழித்தால் கட்டாயம் வெட்டும். கத்தி தாடை எலும்பைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கும் நேரம் பார்த்துத்தான் மனிதருக்குப் பேச்சு வரும்.

"ஜெயம், நேற்று நீர் எழுதினதில ஒரு பிழை இருக்கு."

"பேசாதீங்க அங்கள். கழுத்துல கத்தி இருக்கு."

"இருக்கட்டும். கஞ்சியை 'ரெஃப்யூஸ்ட்' எண்டு எழுதியிருக்கிறீர். நான் மறுக்கேல்ல. என்னால விழுங்க ஏலாமப் போச்சு. மறுக்கிறது வேற, ஏலாமப் போறது வேற."

"சரி, மாத்திடறேன். இப்ப வாயை மூடுங்கலா."

அவர் சொன்னது சரிதான். பதினாறு வருடங்களுக்கு முன்னால், பாயான் லெப்பாஸில் இருந்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஆளைக் குறைத்தபோது, ஜெயலெட்சுமி நாற்பத்தாறு வயதில் பராமரிப்புப் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். முதல் நாளே நூர்ஜான் மிஸ் சொல்லிக்கொடுத்த பாடம் இது. நோயாளி சாப்பாட்டை மறுத்தால் கெஞ்சலாம், கதை சொல்லி ஊட்டலாம். விழுங்க முடியவில்லை என்றால் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி நுரையீரலுக்குப் போகும். இரண்டையும் மாற்றி எழுதினால் அடுத்த ஷிப்டில் வருகிறவள் ஆளைக் கொன்றுவிடுவாள்.

பாடம் ஜெயலெட்சுமிக்கு மறக்கவில்லை. முந்தின நாள் மாலை பேனாவைப் பிடித்தபோது, முடியவில்லை என்று எழுதக் கை வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த வீடு டத்தோ கிராமாட் பகுதியில், சந்துக்குள் இருந்த ஒற்றை மாடி வரிசைவீடு. அப்புத்துரை அங்கே தனியாக இருந்தார். மனைவி ஞானாம்பிகை இறந்து ஏழு வருடமாகிறது. ஒரே மகள் தர்ஷிகா வெளிநாட்டில், பெர்த் நகரத்தில் பல் டாக்டர். கிழவருக்கு இருதயம் பலவீனம். காலில் நீர் கோத்துக்கொள்ளும், படுத்தால் மூச்சு முட்டும். தர்மச் சங்கம் ஒன்று இரவலாகக் கொடுத்திருந்த மருத்துவமனைக் கட்டிலில், தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். ஜெயலெட்சுமி அங்கே வந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது.

வேலை கஷ்டமில்லை. ஆங்கிலம்தான் கஷ்டம். தர்ஷிகா தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அதனால் தினமும் மாலை ஆறு மணிக்கு ஜெயலெட்சுமி பயிற்சிப் புத்தகத்தில் அன்றைய நிலையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அப்புத்துரை படித்துத் திருத்துவார். திருத்திய பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் பெர்த்துக்கு அனுப்ப வேண்டும். ஸ்லீப்பியும் டிரவுசியும் ஒன்றல்ல, முன்னது தூக்கம் வருகிறவன், பின்னது தெளியாதவன் என்பார். பெயினும் டிஸ்கம்ஃபர்ட்டும் ஒன்றல்ல. ஞானாம்பிகையின் மருத்துவமனைத் தாளில் 'எக்ஸ்பயர்ட்' என்று எழுதியிருந்ததை ஏழு வருடமாக மன்னிக்கவில்லை. "லைசென்ஸ்தான் எக்ஸ்பயர் ஆகும். 'பாஸ்ட் அவே' பேப்பரில போடுறதுக்கு. மனுசர் 'டை' பண்ணுவினம். அதை எழுத என்ன வெக்கம்?"

"அங்கள், நான் கஞ்சி காய்ச்ச வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?"

"ரெண்டுக்கும்தான். கஞ்சியில உப்புக் குறைவு, அதுக்கும் மார்க் குறைப்பன்."

பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பழைய டைப்ரைட்டரில் அடித்தது. நான்கு வரி. 'அன்வெல்' என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். 'சிக்' என்றால் போன் பண்ணு. 'சீரியஸ்' என்றால் பையைக் கட்டி வை. 'கிரிட்டிக்கல்' என்றால் அடுத்த விமானத்தில் வா. இதே தாளின் கார்பன் நகல் பெர்த்தில் தர்ஷிகா வீட்டுப் பிரிட்ஜிலும் ஒட்டியிருந்தது. மாலைக் குறிப்பின் தலைப்பில் இந்த நான்கில் ஒரு சொல் இருக்க வேண்டும், வேறு சொல் கூடாது என்பது அப்பனும் மகளும் செய்துகொண்ட ஒப்பந்தம்.

அதற்குக் காரணம் இருந்தது. ஞானாம்பிகை சிறுநீரகக் கோளாறில் கிடந்த கடைசி வருடத்தில், காய்ச்சல் அடித்தால் 'அம்மா சீரியஸ்', வாந்தி எடுத்தால் 'அம்மா கிரிட்டிக்கல்' என்று அப்புத்துரை பெர்த்துக்குப் போன் போட்டார். பதினொரு மாதத்தில் தர்ஷிகா நான்கு தடவை ஓடி வந்தாள். நான்கு தடவையும் அம்மா தலையணையில் சாய்ந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை திரும்பிப் போனபோது கிளினிக்கில் வேலை போயிருந்தது. ஐந்தாம் தடவை போன் வந்தபோது, "அப்பா, உங்கட கிரிட்டிக்கலுக்கு எல்லாம் என்னால ஓடி வரேலாது" என்று சொல்லி வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். ஒரு வருடம் அப்பனும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசியபோது முதலில் செய்தது இந்தத் தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்கு வெளியே அப்புத்துரையைப் போல் சொல்லில் சுத்தமான ஆள் கிடையாது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தாறு வருடம் கிளார்க்காக இருந்து தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். சரக்குக் குறைந்தால் கடிதம் எழுதுவது அவர் வேலை. ஒருமுறை முப்பது பேல் துணிக்கட்டு கணக்கில் இல்லை. கிடங்குக் காவல்காரர் ஷேக் அலாவுதீன் மேல் சந்தேகம். 'லாஸ்ட்' என்று எழுது, கோப்பை மூடுவோம் என்றார் ஏஜென்சித் துரை. அப்புத்துரை 'மிஸ்ஸிங்' என்றே எழுதினார். மிஸ்ஸிங் என்றால் இன்னும் தேட வேண்டும். லாஸ்ட் என்று எழுதினால் தேடுவது நிற்கும், அலாவுதீனுக்கு வேலையும் போகும். வாரா வாரம் துரை கத்துவார், வாரா வாரம் இவர் மிஸ்ஸிங் என்று எழுதுவார். ஐந்தாம் வாரம், இன்னொரு கிடங்கில் சாக்குக் குவியலுக்கு அடியில் முப்பது பேலும் இருந்தன. அலாவுதீன் சாகும்வரை ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் இந்த வீட்டுக்குப் பிரியாணி வந்தது.

இந்தக் கதையை ஜெயலெட்சுமி இருபது தடவையாவது கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் முடிவு ஒன்றுதான். "கடைசிச் சொல்லை அவசரப்பட்டு எழுதக்கூடாது ஜெயம். எழுதிப்போட்டால் பிறகு திருப்பி எடுக்கேலாது."

அந்தச் சவரம் திங்கட்கிழமை. பத்து மணிக்கு ஹனா வந்தாள். வீடு வீடாகப் போய் இறுதிக்கால நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். நாடி பார்த்தாள், காலை அழுத்திப் பார்த்தாள், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு சமையலறைக்கு வந்து ஜெயலெட்சுமியிடம் மலாயில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: ஒரு வாரம் இருந்தால் அதிகம்.

ஜெயலெட்சுமிக்கு அது புதிதல்ல. கஞ்சி இரண்டு கரண்டிக்கு வந்துவிட்டது. பகலெல்லாம் தூக்கம். மூக்கு நுனி குளிர்ந்திருந்தது. அவள் திரும்பி வந்தபோது அப்புத்துரை விழித்திருந்தார்.

"எவ்வளவு நாள் எண்டு சொன்னாள்?"

கேட்டால் மறைக்கக் கூடாது, கேட்காவிட்டால் திணிக்கக் கூடாது. இதுவும் பாடம்தான். "ஒரு வாரம்னா அதிகம்னாங்க."

"நல்லது," என்றார். "இண்டைக்கு 'சிக்' எண்டே எழுதும்."

"அங்கள்!"

"எழுதும்."

எழுதினாள். செவ்வாய்க்கிழமை சண்டை போட்டு 'சீரியஸ்' வரைக்கும் ஏற்றினாள். அனுப்பிய ஐந்தாம் நிமிடம் பெர்த்திலிருந்து போன் வந்தது. ஜெயலெட்சுமி போனை அவர் காதில் வைத்தாள். அப்புத்துரை எங்கேயோ மிச்சம் வைத்திருந்த குரலை எடுத்துப் பேசினார். அதுவரை முனகிக்கொண்டிருந்த மனிதர் ஆபீஸ் குரலில் பேசினார்.

"இல்லைப் பிள்ளை, சீரியஸ் எண்டால் சீரியஸ்தான். அடுத்த சொல் இல்லை. பையைக் கட்டி வை, அது காணும்... இல்லை, இல்லை. வரவேண்டிய நேரத்தில எழுதுவன். இந்தமுறை பிழையா எழுதமாட்டன்."

போனை வைத்ததும் இருபது நிமிடம் மூச்சுவாங்கிற்று. ஆக்சிஜன் இயந்திரத்தைக் கூட்டி வைத்து, ஜெயலெட்சுமி முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம். நோயாளிமேல் கோபப்படக் கூடாது என்பதற்குப் பாடம் எதுவும் நடத்தப்படவில்லை.

புதன்கிழமை மாலை பயிற்சிப் புத்தகத்தை மடியில் வைத்து, அவரைக் கேட்காமலே தலைப்பில் 'கிரிட்டிக்கல்' என்று எழுதினாள். நீட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "பிழை."

"என்னா பிழை? எழுத்தா?"

"சொல். கிரிட்டிக்கல் எண்டால் ஒரு திருப்பத்தில நிக்கிறது. இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம். எனக்கு ரெண்டு பக்கம் இல்லை. ஒரு பக்கம்தான். அப்ப இந்தச் சொல் பொருந்தாது. பக்கத்தைக் கிழியும்."

ஜெயலெட்சுமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தாள்.

"அங்கள், என்கிட்ட இங்கிலீஷ் பேசாதீங்க. என்னா விஷயம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் துடைத்தார். துடைக்கிற கையில் விரல் நுனிகள் நீலமாக இருந்தன.

"அந்தச் சொல்லை எழுதி," என்றார், "அவ வரேல்லையெண்டால்?"

"வருவாங்க."

"தாய்க்காகக் கூப்பிட்டன். வரேல்ல. பிழை என்னில, நான் நாலுதரம் பொய்யாக் கூப்பிட்டனான். ஆனா ஜெயம், சொல்லை எழுதாமல் இருந்தால் அவ வராததுக்கு ஒரு காரணம் இருக்கும். நான் கூப்பிடேல்ல, அதால வரேல்ல. எழுதிப்போட்டு, நான் இஞ்ச கிடந்து வாசலைப் பார்த்துக்கொண்டு..." மூச்சு அங்கே நின்றுவிட்டது. அவள் மாஸ்க்கைச் சரிசெய்தாள். அவர் அதை விலக்கிவிட்டு, "என்னால ஏலாது," என்றார். "மறுக்கேல்ல. ஏலாது."

ஜெயலெட்சுமி பக்கத்தைக் கிழித்தாள். மறுபடியும் 'சீரியஸ்' என்று எழுதி, படம் எடுத்து அனுப்பினாள். தன் உடம்பைப் பற்றி யாருக்கு என்ன சொல்வது என்பது நோயாளியின் உரிமை. அந்தப் பாடத்தின்படி அவள் செய்தது சரி. பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சரி அவளுக்குப் போதவில்லை.

வியாழன் காலை அவள் வந்தபோது, இரவு ஷிப்ட் பார்க்கும் பெண், "தண்ணி கூட இறங்கல அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தால் கண் திறந்தார், ஆளைத் தெரிந்துகொள்ளவில்லை. முழங்காலில் ஊதா நிறத்தில் வலைவலையாகக் கோடுகள் கண்டிருந்தன. இனித் திருத்துவதற்கு ஆள் இல்லை. அப்போதும் அவள் மாலை ஆறு மணிவரைக்கும் பொறுத்தாள். ஏன் பொறுத்தாள் என்று பிற்பாடு அவளாலேயே சொல்ல முடியவில்லை. ஒன்றே முக்கால் வருடப் பழக்கம், ஆறு மணிதான் சொல்லும் நேரம்.

ஆறு மணிக்குப் புத்தகத்தை எடுக்கவில்லை. போனை எடுத்தாள்.

"தர்ஷிகா, வந்துடும்மா."

"என்னக்கா? கிரிட்டிக்கலோ?"

"அந்தத் தாளை விடுங்க. அப்பா போய்க்கிட்டு இருக்கார். வந்துடுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. இரவு விமானத்தில் இடமில்லை. மறுநாள் காலை ஏழு மணி விமானத்தில் கிடைத்தது, கோலாலம்பூரில் இறங்கி மாற வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஜெயலெட்சுமி அவருக்கு உடம்பு துடைத்து, சலவை வேட்டி கட்டி, முகம் மழித்தாள். இழுத்துப் பிடித்த கன்னம் பேசவில்லை. "தர்ஷிகா ஏறிட்டாங்க அங்கள். வந்துக்கிட்டு இருக்காங்க. நீங்க கூப்பிடல, நான்தான் கூப்பிட்டேன்," என்று காதருகே இரண்டு தடவை சொன்னாள். கேட்டதா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டது என்று சொல்லிக்கொள்ளும் பழக்கமும் அவளுக்கு இல்லை. பதினொன்று நாற்பதுக்கு மூச்சு நின்றது. விமானம் இன்னும் கடலுக்கு மேல் இருந்தது.

ஒரு மணி வாக்கில் கோலாலம்பூரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, இருக்கிறாரோ?"

"இல்லம்மா. பதினொன்னு நாப்பதுக்குப் போயிட்டார். வலியில்லாம இருந்தார். நான் பக்கத்துல இருந்தேன்."

நல்ல செய்தி என்றால் சுற்றி வளைக்கலாம். இதை நேராகத்தான் சொல்ல வேண்டும். மறுபக்கத்தில் விமான நிலைய அறிவிப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயலெட்சுமி போனை வைக்காமல் காத்திருந்தாள். போலீஸ் நிலையத்தில் தகவல் கொடுத்துத் தகனப் பெர்மிட் வாங்க, அப்புத்துரையின் தங்கை மகன் குகதாசன் போயிருந்தார். அதனால் அவளுக்கு நேரம் இருந்தது.

தர்ஷிகா ஐந்தரைக்கு வந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள், அப்பாவின் அதே நீண்ட மூக்கு. உருட்டிக்கொண்டு வந்த பையை வாசலில் விட்டுவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனாள். வெகுநேரம் அங்கே நின்றாள். பிறகு சமையலறைக்கு வந்து, பிரிட்ஜின் முன்னால் நின்று அந்தத் தாளைப் பார்த்தாள்.

"புதன்கிழமை ஏன் சீரியஸ் எண்டு அனுப்பினீங்கள்?"

"அவர் சொன்னார்."

"உங்களுக்குத் தெரியாதா? படிச்சனீங்கள்தானே? எத்தனை பேரைப் பார்த்திருப்பீங்கள்!"

"தெரியும்," என்றாள் ஜெயலெட்சுமி. "திங்கக்கிழமையே தெரியும். வியாழக்கிழமை காலையிலயாவது கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல. அது என் தப்பு."

தர்ஷிகா அதை எதிர்பார்த்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "என்னைக் கேட்டவரோ?"

இந்த இடத்தில் 'ஆமாம்' என்று சொல்கிறவர்கள் உண்டு. ஜெயலெட்சுமி சொன்னதில்லை. ஒருமுறை பொய் சொன்னால், வலியில்லாமல் போனார் என்று சொன்ன நிஜத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

"கேக்கல. எழுதி நீங்க வரலைன்னா தாங்கமாட்டேன்னார். அதனாலதான் அந்தச் சொல்லை எழுதவிடல."

தர்ஷிகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு இடையில் சொன்னாள்: "செவ்வாய்க்கிழமையே பை கட்டினனான். மூண்டு நாளா வாசலில வச்சிருந்தன். சமைக்கிற நேரமும் போனைப் பார்த்துக்கொண்டுதான் நிண்டன். அப்பா இந்தமுறை சரியா எழுதுவார் எண்டு..."

ஜெயலெட்சுமி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை, பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடுகாட்டில் தகனம் நடந்தது. கொள்ளி குகதாசன். ஜெயலெட்சுமி போகவில்லை. உடம்பைக் குளிப்பாட்டிக் கொடுப்பதோடு அவள் வேலை முடியும். சுடுகாட்டுக்குப் போகத் தொடங்கினால் அடுத்த வீட்டுக்குப் போக முடியாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கட்டிலைத் துடைக்க வந்தாள். அதற்கு வேறு யாரோ காத்திருக்கிறார்கள், பத்து மணிக்குச் சங்கத்து வேன் வரும். கம்பிகளைக் குளோராக்ஸ் பிளீச் கலந்த தண்ணீரில் துடைத்து, மெத்தையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் துடைத்தாள். சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டுத் தர்ஷிகா ஈரத்தலையோடு திரும்பியிருந்தாள். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கிழித்த பக்கத்தின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள். வியாழனும் வெள்ளியும் வெறுமையாக இருந்தன.

"இதை முடிச்சு வையுங்கோ அக்கா. அப்பாக்குப் பாதியில நிண்டால் பிடிக்காது."

ஜெயலெட்சுமி கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வந்தாள். வியாழக்கிழமைக்குத் தண்ணீர் இறங்காததை எழுதினாள். 'ரெஃப்யூஸ்ட்' இல்லை, 'குட் நாட்', விழுங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குத் தேதி போட்டு, மணி பதினொன்று நாற்பது என்று எழுதி, அதன் பக்கத்தில், இறந்தார் என்பதற்கு, 'டைட்' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

தர்ஷிகா புத்தகத்தை வாங்கிப் படித்தாள். பேனாவையும் வாங்கி, அதற்குக் கீழே அப்பாவின் அதே சாய்ந்த எழுத்தில் ஒரு வரி எழுதினாள். மகள் வந்து சேர்ந்தது, மாலை மணி ஐந்து முப்பது.

வாசலில் ஹாரன் கேட்டது. சங்கத்து வேன் ஓட்டும் இர்வான் இன்றைக்குத் தனி ஆளாக வந்திருந்தான், முதுகு வேறு பிடித்திருந்தது. ஜெயலெட்சுமி தலைமாட்டைப் பிடித்தாள். தர்ஷிகா புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்து, சொல்லாமலே கால்மாட்டைப் பிடித்தாள். "வாசப்படி இருக்கு, பார்த்து," என்றாள் ஜெயலெட்சுமி. இரண்டு பேருமாகக் கட்டிலைச் சாய்த்து வெளியே கொண்டுபோனார்கள்.